ஆஸ்பத்திரி இடம் மாறிய வியாழக்கிழமைகள்

ஆவாரங்கோட்டையில் அரசு ஆஸ்பத்திரி இதுவரை இருபத்தாறு இடங்களில் இருந்திருக்கிறது, இருபத்தாறையும் நான் எழுதி வைத்திருக்கிறேன், ஏனென்றால் இந்த ஊரில் எழுதி வைக்கிற வேலையை வேறு யாரும் செய்வதில்லை, எல்லோரும் வியாழக்கிழமை காலையில் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் இன்று எது எங்கே என்று பார்த்துவிட்டு, நேற்று எது எங்கே இருந்தது என்பதை டீயோடு சேர்த்துக் குடித்துவிடுகிறார்கள்.

இது தொடங்கி நாற்பத்தொரு வருடம் ஆகிறது. சென்னையில் ஒரு வாரப்பத்திரிகை இருக்கிறது, அதன் பெயரை என் பேனாவால் எழுதமாட்டேன். அதில் துரிதன் என்ற துப்பறிவாளனின் படக்கதை வாரம் இரண்டு பக்கம் வருகிறது. வரைகிறவர் தெய்வசிகாமணி. இளவயதில் எங்கோ போகிற வழியில் எங்கள் பஸ் ஸ்டாண்டில் பஸ் மாறியவர், இருபது நிமிடம் நின்றவர், பலகையில் ஊர்ப் பெயரைப் பார்த்தவர், அதில் கோட்டை என்று இருந்தது பிடித்துப்போய்த் துரிதனை இங்கே குடியேற்றிவிட்டார். எங்கள் ஊரில் கோட்டை கிடையாது. முதல் வாரம் அவர் கோட்டை வரைந்தார். ஏஜெண்ட் குழந்தைவேலின் அப்பா பத்திரிகைக் கட்டின் கயிற்றை அறுத்த அந்த வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு மார்க்கெட்டுக்குப் பின்னால் கோட்டை நின்றது. காய்கறிக்காரர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள், நிழல் விழுகிறதே என்று கூடைகளை நாலடி தள்ளி வைத்தார்கள், வியாபாரம் தொடர்ந்தது.

அடுத்த வாரம் மணிக்கூண்டு தெற்கே போனது. அதற்கு அடுத்த மாதம், கிழக்கே ஓடிக்கொண்டிருந்த ஆறு, துரிதன் படகில் துரத்த வேண்டியிருந்ததால் மேற்கே ஓடியது. தீபாவளி மலரில் ஆறே வரவில்லை, ஆனாலும் அது இருந்த இடத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது, ஏனென்றால் விதி அப்படி: வரைந்தது வரைந்த இடத்துக்குப் போகும், வரையாதது கடைசியாக எங்கே இருந்ததோ அங்கேயே இருக்கும். வெளியூரில் ஆயிரம் பேர் அந்தப் பக்கத்தைப் புரட்டினாலும் எங்களுக்கு ஒன்றும் ஆகாது, எங்கள் ஊர் எல்லைக்குள் ஒரு கண் அதைப் பார்த்தால் போதும், ஊர் எழுந்து நடக்கும்.

இதற்கு எதிராக இந்த ஊர் என்ன செய்தது என்று கேட்பீர்கள். பழகிக்கொண்டது. தபால்காரருக்கு வியாழக்கிழமை விடுமுறை கொடுத்தது. நகராட்சி, பக்கத்தை ஒட்டி வைக்க வாசலில் கண்ணாடிப் பெட்டி செய்தது. முனிசிப் கோர்ட்டில் வேலி வழக்கு வந்தால் நீதிபதி முதலில் கேட்பது, எந்த வாரத்து வேலி என்று. தேர் கிளம்பும்போது நிலைக்கு வடக்கே இருந்த மேலரத வீதி தேர் திரும்புவதற்குள் போய்விட, மூன்று வருடம் தேரைப் பள்ளிக்கூட மைதானத்திலேயே நிறுத்தி, அங்கேயே பூஜை செய்து, அதுதான் பழைய வழக்கம் என்று நான்காவது வருடம் சத்தியம் செய்தார்கள். யாருடைய வீடு படத்தில் வந்ததோ அவர்கள் அந்தக் கட்டத்தை வெட்டிக் கண்ணாடி போட்டுச் சாமி படங்களுக்கு நடுவே மாட்டினார்கள், ஓவியர் ஜன்னலை மறந்திருந்தால் அந்த ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்தார்கள், உள்ளே புழுங்கிச் செத்தார்கள், ஆனால் வெளியே வரும்போது படத்துக்காரர்கள் என்ற நடை நடந்தார்கள். பெண் பார்க்க வருகிறவர்கள் ஜாதகத்துக்கு முன்னால் அதைத்தான் கேட்டார்கள்: "வீடு படத்துல வந்திருக்கா?"

வெளியூரிலிருந்து வரைபடக்காரர்கள் வேறு வருவார்கள். நாற்பது வருடத்துப் பழைய இதழ்களைப் பைண்டு செய்து கக்கத்தில் வைத்துக்கொண்டு, கோட்டைக்கும் மணிக்கூண்டுக்கும் இடையில் கயிறு பிடித்து அளப்பார்கள். ஆவாரங்கோட்டை ஒன்றல்ல, இரண்டு என்று ஒருவன் சொல்வான். இல்லை, ஓவியர் கண்ணாடியில் பார்த்து வரைகிறார் என்று இன்னொருவன் சண்டை போடுவான். ஒருவனாவது, இந்த அளவுக்குள் மனிதர்கள் எப்படி வேலைக்குப் போய்வருகிறார்கள் என்று கேட்டதில்லை. அவர்களை வெறுத்தேன். இன்றும் வெறுக்கிறேன்.

நான் இன்னாசி. தோல்பதனிடும் தொழிலாளி, சங்கத்துக்காரன். பள்ளிக்கூடம் போனவன் அல்ல, தோல் ஷெட் சுவரில் ஒட்டிய துண்டறிக்கைகளை எழுத்துக்கூட்டிப் படித்து எழுத்துக்கு வந்தவன், பிறகு முன்னூற்றுப் பதினொரு துண்டறிக்கை சொந்தமாக எழுதியவன். எங்கள் தெரு சுண்ணாம்புக்குழி. மயிர் கழல்வதற்காகத் தோலைச் சுண்ணாம்பில் ஊறப்போடுகிற குழிகளின் ஓரத்தில் நூற்று நாற்பது வீடுகள். நாற்பத்தொரு வருடத்தில் சுண்ணாம்புக்குழி ஒரு வாரம்கூடப் படத்தில் வரவில்லை. இருபது நிமிடம் பஸ் ஸ்டாண்டில் நின்றவருக்கு எங்கள் நாற்றம் எட்டியிருக்கும். நாற்றத்தை மையில் வரைய முடியாது. வரையாததால் நாங்கள் நகரவில்லை. கோட்டையும் கோயிலும் சினிமாக் கொட்டகையும் எங்களைச் செக்குமாடு போலச் சுற்றிச் சுற்றி வர, நாங்கள் மட்டும் நின்ற இடத்தில் நின்றோம். அதைப் பெருமையாக நினைத்திருக்க வேண்டும். நான் அவமானமாக நினைத்தேன்.

என் அண்ணன் மகள் பனிமயம் குழியில் வேலை செய்கிறவள். அண்ணன் செத்த பிறகு நான்தான் தூக்கி வளர்த்தேன். அவளுக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்து இரண்டும் இல்லை. முதல் பிள்ளைக்கு வலி எடுத்த மாதம் ஆஸ்பத்திரி ஆற்றுக்கு அக்கரையில் இருந்தது, பாலத்தை ஓவியர் இரண்டு வாரம் முன்னால் வயல்காட்டில் கொண்டுபோய்ப் போட்டிருந்தார். இரண்டாவது பிள்ளைக்கு ஆஸ்பத்திரி இரண்டே தெரு தள்ளி இருந்தது. ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனோம், அதன் வாசல் விளக்கு கண்ணுக்குத் தெரிந்தது, அது வியாழக்கிழமை, எட்டு மணி, பஸ் ஸ்டாண்டில் கயிறு அறுபட்டது, வாசல் விளக்கு இருந்த இடத்தில் சினிமாக் கொட்டகையின் பின்சுவர் இருந்தது. ஆட்டோக்காரர் இறங்கிச் சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "கோட்டைக்குப் பின்னால போயிருக்கும்க்கா" என்றார், மன்னிப்புக் கேட்கிற குரலில்.

மூன்றாவது முறை அவள் உண்டானதும் அந்தோணியார் குருசடி முன்னால் தெருக் கூட்டத்தைக் கூட்டினேன். பேசினேன். இந்த ஊரின் ஒவ்வொரு சாக்கடையும் படத்தில் வந்திருக்கிறது, இந்த ஊரின் செருப்புக்குத் தோல் கொடுத்த நாம் வரவில்லை, நம்மை வரையச் சொல்வோம், ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் வரையச் சொல்வோம், அது நம் உரிமை என்றேன். கைதட்டினார்கள். பனிமயம் கைதட்டவில்லை.

"சித்தப்பா, வரைஞ்சா நம்மளும் நகருவோம்ல?"

"நகர்ந்தா என்ன? ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துலதான நகரப்போறோம்."

"இந்த வாரம் பக்கத்துல. அடுத்த வாரம்?"

"அடுத்த வாரமும் வரையச் சொல்லிப் போராடுவோம்."

"வாரா வாரம் மெட்ராசுக்குப் போயிட்டு வந்தா தோலு யாரு சித்தப்பா அலசுறது? துரிதனா?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. நாற்பது வருடமாக ஜெயிலுக்குப் போய்வந்தவனைக் குழியில் நிற்கிற பிள்ளை கேலி செய்கிறாள் என்று தோன்றியது. பெரும்பான்மை என் பக்கம் என்று சொல்லிக் கூட்டத்தை முடித்தேன்.

சென்னைக்கு மூன்று பேர் போனோம். நான், பனிமயத்தின் கணவன் பாக்கியநாதன், குழியில் மூத்த வேலைக்காரியான லூர்துமேரி. கறுப்புக்கொடியும் ஐந்நூறு துண்டறிக்கையும் கொண்டுபோனோம். ஓவியர் வீட்டு வாசலில் உட்கார்ந்து முதல் கோஷத்தைப் பாதி சொல்வதற்குள் அவரே கேட்டைத் திறந்தார். வேட்டி, பனியன், விரல் நுனியில் மை, மூக்கில் தடித்த கண்ணாடி.

"யாரும்மா நீங்க? வெயில்ல ஏன் உக்காந்திருக்கீங்க? உள்ள வாங்க, காபி போடச் சொல்றேன்."

போராட வந்தவனைக் காபிக்குக் கூப்பிடுவதைவிடப் பெரிய அவமதிப்பு எனக்குத் தெரியாது. லத்தியை எப்படித் தாங்குவது என்று நான் ஊருக்கே சொல்லிக்கொடுத்திருக்கிறேன், காபியை எப்படித் தாங்குவது என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. உள்ளே போனோம்.

"ஆவாரங்கோட்டைல இருந்து வர்றோம்" என்றேன்.

"அட! வாசகர்களா?"

"வாசகர் இல்ல. குடியிருக்கிறவங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்படி ஒரு ஊரு நெஜமாவே இருக்கா? நானா வச்ச பேர்னுல்ல நெனச்சுக்கிட்டிருந்தேன்."

பன்னிரண்டு கோரிக்கைகளை மனப்பாடம் செய்து வந்திருந்தேன். லூர்துமேரிதான் கேட்டாள்.

"ஆஸ்பத்திரிய ஏங்கய்யா இப்பிடி இடம் மாத்திக்கிட்டே இருக்கீங்க? ஒருக்கா ஆத்துக்கு அங்கிட்டு, ஒருக்கா கோட்டைக்குப் பின்னால. எங்க புள்ள ரெண்டு பிள்ளைய வழியிலயே பறிகொடுத்துட்டா."

"மாத்துறேனாம்மா?" அவர் உண்மையாகவே யோசித்தார். "நான் எதையும் மாத்துனதில்லையே. முன்ன எங்க வரைஞ்சோம்னு ஞாபகம் இருந்தாத்தான மாத்த முடியும்?"

பிறகு பலகையில் ஒட்டிய தாளைக் காட்டினார். முதலில் வசனம் எழுதி அதைச் சுற்றிக் குமிழி போடுவாராம், அப்புறம் துரிதன், அப்புறம் துரிதன் துரத்துகிறவன், மிச்சம் மூலையில் கொஞ்சம் இடம் இருந்தால் ஏதாவது கட்டடம். ஆஸ்பத்திரி வரைவது சுலபம், ஒரு பெட்டி, ஒரு சிலுவைக் குறி. "பின்னால இருக்கிறத யாரு பாக்குறா?" என்றார்.

"நாங்க பாக்குறோம்" என்றான் பாக்கியநாதன்.

அவர் பென்சிலை எடுத்தார். "ஆஸ்பத்திரி பக்கத்துல உங்க தெரு. அவ்வளவுதான? இதுக்கா இவ்வளவு தூரம் வந்தீங்க? எத்தன வீடு?"

"நூத்தி நாப்பது."

"அம்மாடி. இந்த வாரம் வசனம் ஜாஸ்தி. எடம் இல்லையே." என்னைப் பார்த்தார். "உங்க வீடு எது?"

வாசலில் கொடிக்கம்பம் இருக்கிற வீடு என்று சொன்னேன். கேட்டார், சொன்னேன். அதைத்தான் முதலில் வரைந்தார், கொடிக்கம்பத்தோடு, பறக்கிற கொடியோடு, கொடி பறக்கிற பக்கம்கூடச் சரியாக. அதன் பக்கத்தில் எட்டுக் கூரை. அதற்கு அப்புறம் பென்சிலைச் சாய்த்துப் பிடித்துச் சரசரவென்று கோடு கோடாக இழுத்தார். "மிச்சத்த வாசகர்களே புரிஞ்சுக்குவாங்க."

லூர்துமேரி என் கையைக் கிள்ளினாள். என் கண் அந்தக் கொடியில் இருந்தது. நாற்பத்தொரு வருடம் கழித்து எங்கள் கொடி அந்தத் தாளில் பறந்தது. கிளம்பும்போது அவர் ஒரு நிமிடம் என் முகத்தை அளக்கிறவர் போலப் பார்த்தார், நானும் அளக்கக் கொடுத்துக்கொண்டு நின்றேன்.

வியாழக்கிழமை ஒன்பது வீடுகள் போயின. தட்டு முட்டோடு, அடுப்பில் இருந்த உலையோடு, என் வீட்டுக் கொடிக்கம்பத்தோடு ஊரின் வடகோடியில் ஆஸ்பத்திரிச் சுவரை ஒட்டிப் போய் உட்கார்ந்தன. நூற்று முப்பத்தொரு வீடுகள் பல் விழுந்த வாய் போல ஒன்பது ஓட்டைகளோடு குழியோரத்திலேயே நின்றன. பனிமயத்தின் வீடு அந்த நூற்று முப்பத்தொன்றில் ஒன்று. கோடுகளில் ஒன்று.

எட்டு வீட்டுக்காரர்களும் முதல் வாரம் அழுதார்கள். இரண்டாவது வாரம் கட்டத்தை வெட்டிக் கண்ணாடி போட்டார்கள். மூன்றாவது வாரம் பழைய தெருவிலிருந்து வந்த சொந்தக்காரர்களை, வாசலிலேயே காலைக் கழுவிவிட்டு வரச் சொன்னார்கள். நான் வேலைக்கு ஊரையே கடந்து குழிக்குப் போகும்போது பெண்கள் தோலைத் தூக்கிப்பிடித்து வழிவிடுவார்கள்.

"படத்துக்காரர் வர்றாரு, தள்ளுங்கடி. சட்டையில தெறிச்சிறப் போகுது."

திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன். எனக்கு வழிவிட்டார்கள்.

ஆனாலும் ஆஸ்பத்திரி என் சுவரை ஒட்டி இருந்தது, அது பொய்யில்லை. ஒன்பதாம் மாதம் பனிமயத்தை என் வீட்டுக்குக் கூட்டிவந்து வைத்துக்கொண்டேன். கட்டிலை ஜன்னல் ஓரம் போட்டேன், கையை நீட்டினால் ஆஸ்பத்திரிச் சுவர். "பாத்தியா, உன் சித்தப்பன் சாதிச்சதை" என்றேன். "பாத்தேன் பாத்தேன். ஒன்பது வீடு சாதிச்சீங்க" என்றாள்.

இரண்டு வியாழன் ஆஸ்பத்திரி படத்தில் வரவில்லை. மூன்றாவது வியாழன் வந்தது. காலையில் அவள் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டினாள், கை காற்றில் நின்றது. வெளியே மாட்டுச்சந்தை. நான் ஓடிப்போய் நகராட்சிப் பெட்டியில் பார்த்துவிட்டு வந்து சொன்னேன். ஆஸ்பத்திரி சுண்ணாம்புக்குழிக்குப் பக்கத்தில் போயிருந்தது. அவள் வீட்டு வாசலிலிருந்து நாற்பது எட்டு வைக்கிற தூரம்.

அவள் சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கட்டில் ஆட, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். "சித்தப்பா, என்னயத் தேடிக்கிட்டு ஆஸ்பத்திரி எங்க வீட்டுக்குப் போயிருக்கு. நான் இங்க வந்து உங்க மாட்டுச்சந்தைய வேடிக்க பாக்குறேன்." அப்புறம் துணிமூட்டையைக் கட்டினாள், இடுப்பில் கைவைத்து ஊரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்தாள், நான் குடையைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனேன், அவள் ஒருமுறையும் திரும்பவில்லை.

நர்ஸம்மா பார்த்துவிட்டு, இன்னும் எட்டுப் பத்து நாள் ஆகும், வலி வந்ததும் வா, நாற்பது எட்டுத்தானே என்றார். சரிதான். ஆனால் நடுவில் ஒரு வியாழக்கிழமை இருந்தது.

அன்று மாலை பெண்கள் குழி மேட்டில் கூடினார்கள். என்னையும் கூப்பிட்டார்கள், அதுவே பெரிது. முன்னூற்றுப் பன்னிரண்டாவது அறிக்கைக்குத் தலைப்பு சொன்னேன், கலெக்டர் ஆபீஸ் முன்னால் உண்ணாவிரதம் என்றேன், மீண்டும் சென்னை என்றேன். பனிமயம் கேட்டுவிட்டுச் சொன்னாள்:

"அதெல்லாம் வேணாம் சித்தப்பா. இந்த வாரம் பத்திரிகைக் கட்டப் பிரிக்க விடக்கூடாது. அவ்வளவுதான்."

நாற்பத்தொரு வருடம் இது ஒருவருக்கும் தோன்றவில்லை. ஊருக்குத் தோன்றாதது ஏன் என்று தெரியும். படத்தில் வருகிற ஆசை. எனக்கு ஏன் தோன்றவில்லை என்றால், ஒளிக்காமல் எழுதுகிறேன், நானும் ஒவ்வொரு வியாழக்கிழமையும் குழந்தைவேல் கடைக்குப் பின்னால் நின்று அந்த இரண்டு பக்கத்தைப் படித்தேன். வெள்ளிக்கிழமை அதற்கு எதிராக அறிக்கை எழுதினேன், வியாழக்கிழமை துரிதன் தப்பித்தானா என்று பார்த்தேன்.

வியாழன் காலை ஏழரை மணி பஸ்ஸுக்கு முன்னாலேயே பஸ் ஸ்டாண்டில் அறுபது பெண்கள். முழங்கைவரை சுண்ணாம்பு வெள்ளை, வேலைக்குப் போகிற கோலத்திலேயே வந்திருந்தார்கள். பஸ் நின்றதும் குழந்தைவேல் கையை நீட்டுவதற்கு முன்னால் லூர்துமேரி பத்திரிகைக் கட்டைத் தூக்கி, பெண்களுக்கு நடுவில் போட்டாள்.

"எம்மா, என்னம்மா இது, ஊரு காத்துக்கிட்டிருக்கு" என்றார் குழந்தைவேல்.

"இருக்கட்டும். நாங்க நாப்பது வருசம் காத்திருக்கல?"

ஊர் திரண்டது. ஒருவர், இந்த வாரம் என் மில் வருகிறது என்று தகவல் இருக்கிறது, யார் இவர்கள் என்று கத்தினார். நாற்றம் பிடித்த கூட்டம் என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "மோந்து பாக்கத்தான் வந்தியா? கிட்டத்துல வா" என்றாள் லூர்துமேரி. ஒரு செருப்பு பறந்து வந்தது. அது எங்கள் தோல்தான், பார்த்தவுடன் தெரிந்தது. ஏட்டு வந்து, பத்திரிகையைப் படிக்காமல் வைத்திருப்பது எந்தச் சட்டத்தில் குற்றம் என்று யோசித்துக்கொண்டு மர நிழலில் நின்றார்.

பெண்கள் என்னைக் கட்டின்மேல் உட்காரச் சொன்னார்கள். "மூத்தவரு, அடி வாங்கிப் பழகுனவரு, நீங்க உக்காருங்க" என்றாள் லூர்துமேரி. அவர்கள் கைகோர்த்து வட்டமாக, முகத்தை ஊரைப் பார்த்து, முதுகை என்னைப் பார்த்து நின்றார்கள். அறுபது முதுகு. என் வாழ்நாளில் எனக்குக் கிடைத்த பெரிய மரியாதை அது. என்மேல் ஒரு கண் வைக்க வேண்டும் என்று ஒருத்திக்கும் தோன்றவில்லை.

குழந்தைவேல் வட்டத்துக்குள் முதலிலேயே சிக்கிக்கொண்டிருந்தார். என் பக்கத்தில் குந்தினார்.

"தோழரே, ஒண்ணு சொல்லவா? இந்த வாரம் நீங்க வர்றீங்க."

"எங்க?"

"எங்கயா? படத்துலதான். ஆபீஸ்ல இருந்து போன் வந்துச்சு. ஊர்த் தலைவர் ஒருத்தர் வர்றாராம், கையத் தூக்கிக்கிட்டு. உங்க சாடையாம்."

"போய்யா."

"சரி, போறேன்." கட்டின் கயிற்றை விரலால் தடவினார். "கட்டப் பிரிக்க வேணாம். பிரிக்கக்கூடாதுன்னுதான சொல்லியிருக்காங்க? ஓரத்துல ஒரு பிரதிய உருவுனா கட்டு அப்படியே இருக்கும். கயிறுகூட அவிழாது."

ஒரு கண் பார்த்தால் போதும் என்பது எனக்குத் தெரியும். இந்த விதியை இந்த ஊரில் எழுதி வைத்திருக்கிற ஒரே ஆள் நான். எனக்குத் தெரியாது என்று யாரும் எனக்காக வாதாட வேண்டாம். அறுபது முதுகுகள் என்னைக் காத்துக்கொண்டிருக்க, கயிற்றுக்குக் கீழே இரண்டு விரலை விட்டு உருவினேன்.

முதல் கட்டத்தில் துரிதன் ஓடுகிற பஸ்ஸிலிருந்து குதிக்கிறான். இரண்டாவது கட்டத்தில் கூட்டம். கூட்டத்தில் ஒரு தூக்கிய கை, அது என் கை, மணிக்கட்டுத் தழும்புவரை என் கை. தோள், என் தோள். முகம் இருக்க வேண்டிய இடத்தில் வசனக் குமிழி. "விடாதே, பிடி!" குமிழி போக மிச்சம் இருந்த மூலையில் ஒரு மலை, மலை உச்சியில் ஒரு பெட்டி, பெட்டியில் ஒரு சிலுவைக் குறி.

எங்கள் ஊரில் மலை கிடையாது. நிமிர்ந்து பார்த்தேன். மலை இருந்தது.

வெயில் மறைந்ததால்தான் பெண்கள் திரும்பினார்கள். மலையைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள். கூட்டத்தில் யாரோ கைதட்டினார்கள். பனிமயம் வட்டத்தின் ஓரத்தில் இடுப்பில் கைவைத்து நின்றாள், வரவேண்டாம் என்று சொல்லியும் வந்திருந்தாள். என் கையில் இருந்த தாளைப் பார்த்தாள்.

"நல்லா வந்திருக்கீங்களா சித்தப்பா?"

"மூஞ்சி தெரியல" என்றேன். அதைத்தான் சொன்னேன்.

அரைமணி நேரத்தில் அவளுக்கு வலி எடுத்தது. எட்டுப் பத்து நாள் என்று சொன்ன நர்ஸ் மலை உச்சியில் இருந்தார். மலைக்குப் பாதை இல்லை, ஓவியர் பாதை வரையவில்லை. பெண்கள் பஸ் ஸ்டாண்டு டீக்கடையின் பெஞ்சை எடுத்தார்கள், அதில் அவளைப் படுக்கவைத்துச் சேலையால் கட்டினார்கள், எட்டுப் பேர் தூக்க, எட்டுப் பேர் மாற்ற, முன்னால் போனவர்கள் தோல் சுரண்டுகிற கத்தியால் முள்ளை வெட்ட, ஏறினார்கள். நான் பெஞ்சின் காலைப் பிடிக்கப் போனேன். பாக்கியநாதன் என் கையை எடுத்துவிட்டான். அடிக்கவில்லை, எடுத்துவிட்டான்.

பாதி மலையில், சரிவில், ஒரு பாறையின் நிழலில், லூர்துமேரியின் சுண்ணாம்புக் கைகளில் பெண் குழந்தை பிறந்தது. அழுதது. அந்தச் சத்தம் கீழே எனக்குக் கேட்டது. பனிமயத்துக்கு ரத்தம் நிற்கவில்லை. உச்சிவரை தூக்கிக்கொண்டே போனார்கள், பதின்மூன்று நாள் அவள் அங்கே கிடந்தாள், பிழைத்தாள். அவள் பிழைத்தது அறுபது பெண்களின் காலால். என் நாவால் இல்லை, என் பேனாவால் இல்லை, என் கொடியால் நிச்சயமாக இல்லை.

அதன் பிறகு ஒரு கட்டையும் அவர்கள் பிரிக்க விடவில்லை. ஒவ்வொரு வியாழக்கிழமையும் பஸ் வரும், பெண்கள் இறக்குவார்கள், ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் கொண்டுபோய்ச் சுண்ணாம்புக் குழியில் போடுவார்கள், மறுநாள் காலைக்குள் துரிதன் கூழாகிவிடுவான். தபாலில் வருவதைத் தபால்காரரே குழியில் போட்டுவிடுகிறார், அவருக்கு இப்போது ஆறு நாளும் தெரு இருந்த இடத்திலேயே இருக்கிறது. ஊர் முதல் மாதம் கல்லெறிந்தது, இரண்டாவது மாதம் முணுமுணுத்தது, மூன்றாவது மாதம் பழகிக்கொண்டது, அது எதற்குத்தான் பழகாது. வரைபடக்காரர்கள் கடைசியாக ஊரை ஒழுங்காக அளந்து முடித்துவிட்டதாகக் கேள்வி.

ஆனால் ஊர் நின்றது நான் பார்த்த படத்தில். கடைசியாகப் பிரிக்கப்பட்ட பக்கம் என் விரல் உருவிய பக்கம். அதனால் ஆஸ்பத்திரி மலை உச்சியில் நிற்கிறது, சுண்ணாம்புக்குழியிலிருந்து அது இதுவரை நின்ற இருபத்தாறு இடங்களிலும் மிகத் தூரமான இடத்தில் நிற்கிறது, இனி எப்போதும் அங்கேதான் நிற்கும்.

சிலர் சொன்னார்கள், ஒரே ஒரு வாரம் பிரிப்போம், கிட்டத்தில் வந்தாலும் வரும் என்று. குருசடி முன்னால் அதற்கும் கூட்டம் நடந்தது. பனிமயம் பிள்ளையை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டு சொன்னாள்: "கிட்டத்துல வரும், அப்புறம் எட்டப் போகும். தூரமா இருந்தா இருந்துட்டுப் போகுது, இன்னைக்கும் நாளைக்கும் ஒரே தூரம்தான. பாதைய நம்ம வெட்டிக்குவோம்." கை தூக்கச் சொன்னபோது எல்லாக் கையும் உயர்ந்தது. நான் பின்வரிசையில் நின்று தூக்கினேன். என் கையை யாரும் எண்ணவில்லை.

இப்போது வேலை முடிந்து, இருட்டுவதற்குள் இருக்கிற இரண்டு மணி நேரம் பெண்கள் மலையில் படி வெட்டுகிறார்கள். நானும் போகிறேன். போகக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. கீழே இருந்து கல் சுமக்கிறேன். ஏழு மாதமாகச் சுமக்கிறேன், ஒருவரும் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை, அது நியாயம், நான் அவர்களாக இருந்தால் கல்லையும் வாங்கியிருக்கமாட்டேன்.

நேற்று நூற்றுப் பத்தாவது படிக்குப் பக்கத்தில் கல்லை இறக்கினேன். மேலே பனிமயம் கடப்பாரையை ஊன்றிக்கொண்டு நின்றாள். மூச்சு வாங்கியது, எனக்கும் அவளுக்கும்.

"கல்ல அங்க போடாதீங்க சித்தப்பா" என்றாள். "பாதை இங்கிட்டு."

கல்லை மறுபடி தூக்கினேன்.